காயில் எங்கே கருகுகிறது? பிளாஸ்மா கருவிகளுக்கு மின்காந்தம் சுற்றுவோர் கவனத்துக்கு

பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) அறை, ரேடியோ அலையால் பிளாஸ்மா உண்டாக்கும் ஹெலிகான் குழாய், விண்கலத்தை அயனிகளால் தள்ளும் சிறிய ஹால் உந்தி என்று கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் இப்போது சொந்தமாகவே காயில் சுற்றுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் உழைப்பில் பெரும்பங்கு மென்பொருளில் புலக்கோடு வரைவதற்கே போய்விடுகிறது. புலக் கணக்கு தவறி வீணாகும் காயில்கள் குறைவு. இரண்டு சுற்றுகளுக்கு இடையிலுள்ள காப்பு, உள்ளிருந்து வெளியே வரும் தொடக்க முனை, இணைப்பு, இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலானவை சாகின்றன.

பெரிய ஆய்வகங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் மேம்படுத்தப்பட்ட என்எஸ்டிஎக்ஸ்-யூ என்ற கோள வடிவ டோகமாக் (அணுக்கரு இணைவு ஆய்வுக்குப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தில் அடைக்கும் கருவி) 2016 நடுவில் நின்றுபோனது. காரணம், நீரால் குளிர்விக்கப்படும் ஒரு செப்புக் காயிலில் சுற்றுக்குச் சுற்று ஏற்பட்ட ஷார்ட். அதன் பிறகு உட்புறக் காயில்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இயந்திரம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

ஒரு காயிலை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். உள்விட்டம் 200 மி.மீ., சுற்றுப் பகுதியின் குறுக்குவெட்டு 50 × 50 மி.மீ. அதில் 2 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி 500 சுற்று, 20 ஆம்பியர். மொத்தம் 10,000 ஆம்பியர்-சுற்று. நடுவில் கிடைக்கும் புலம் ஏறத்தாழ 500 காஸ் (காந்தப்புல அலகு, 10,000 காஸ் 1 டெஸ்லா). கம்பி நீளம் 393 மீட்டர், எடை 11 கிலோ, 20 டிகிரியில் மின்தடை 2.15 ஓம். 43 வோல்ட் போதும், செலவாகும் மின்திறன் 860 வாட். இதே இடத்தில் மெல்லிய கம்பியை அதிகச் சுற்றாகச் சுற்றினாலும், தடித்த கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் செப்பின் மொத்த அளவு மாறாத வரை, அதே ஆம்பியர்-சுற்றுக்கு வெப்பம் மாறாது. கையிலிருக்கும் பவர் சப்ளையின் வோல்ட்டும் ஆம்பியரும்தான் சுற்று எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன.

இந்த 860 வாட் வெளியேற வழியில்லை என்றால் 11 கிலோ செம்பு நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் சூடாகும். சூடாகச் சூடாக மின்தடையும் ஏறும். 30 டிகிரியில் தொடங்கினால், எஃப் வகைக் காப்பின் எல்லையான 155 டிகிரியை எட்டுவதற்கு எட்டு நிமிடம்தான். வெளியே கைவைத்துப் பார்த்து "சூடில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். எபாக்சியின் வெப்பக் கடத்துதிறன் செம்போடு ஒப்பிட ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் 22 அடுக்குக்கு நடுவிலுள்ள கம்பி வேகும்போதும் மேல் அடுக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஓடும்போதே வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள். 2.15 ஓம் 2.85 ஆகியிருந்தால் சராசரி வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, நடுப்பகுதி அதைவிடக் கூடுதல். சுற்றும்போதே நடு அடுக்கில் ஒரு பிடி-100 வெப்பநிலை உணரியைப் புதைத்துவிடுவது இன்னும் நல்லது. நிலையான ஆம்பியர் தரும் சப்ளையில் சூடு ஏற ஏற வாட்டும் ஏறும். ஆகவே வோல்ட் வரம்பை 60-க்குள் பூட்டுங்கள். காயில் 120 டிகிரியைத் தொடும்போது ஆம்பியர் தானாகக் குறையத் தொடங்கும்.

தொடர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் துளையுள்ள செப்புக் கம்பியும் தண்ணீரும்தான். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் நீர், 1 கிலோவாட்டைச் சுமந்தால் 14 டிகிரி சூடாகும். மின்சாரத்தைத் தொடராகவும் தண்ணீரை இணையாகவும் கொடுப்பதே வழக்கம். அப்படிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பாதைக்கும் தனியாக ஓட்ட உணரி வேண்டும், அதுவும் வெளியேறும் பக்கத்தில். மொத்தக் குழாயில் ஒன்றே ஒன்று வைத்தால், ஒரு பாதை அடைத்துக்கொண்டாலும் மற்றவற்றின் ஓட்டம் அதை மறைத்துவிடும். அயனி நீக்கிய நீரே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உள்ளே செம்பை அரிக்கும்.

இனி சுற்றும் வேலை. மோட்டார் ரீவைண்டிங் தெரிந்தவர்களின் கைப்பழக்கம் இதற்கு அருமையாக உதவும். கம்பியின் இழுவிசையைச் சீராக வைப்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் மோட்டாருக்குச் செய்வதுபோல வார்னிஷில் முக்கி எடுப்பது இங்கே போதாது. 22 அடுக்குக்குள் வார்னிஷ் இறங்காது, காற்றுக்குமிழிகள் தங்கிவிடும். வெற்றிடத்தில் எபாக்சி ஏற்ற வசதியில்லை என்றால், ஒவ்வொரு அடுக்குக்கும் எபாக்சி தடவியபடியே ஈரமாகச் சுற்றுங்கள். எபாக்சியை ஒரே தடவையில் மொத்தமாகக் கலந்து வைத்தால் பாதி வேலையில் இறுகிவிடும், சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

தொடக்க முனையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அது அடி அடுக்கிலிருந்து கிளம்பி, ஃபிளான்ஜை (காயில் சட்டத்தின் பக்கத் தட்டை) ஒட்டி, எல்லா அடுக்குகளின் விளிம்பையும் உரசிக்கொண்டு வெளியே வருகிறது. பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கு இடையில் சில வோல்ட்தான். ஆனால் இந்த முனைக்கும் கடைசி அடுக்குக்கும் இடையில் காயிலின் முழு வோல்ட்டும் நிற்கும். ஃபிளான்ஜில் பள்ளம் வெட்டி, முனைக்குக் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டு, மேலே வெப்பம் தாங்கும் நோமெக்ஸ் காப்புத் தாள் வைத்து அதற்கென்று தனி வழி ஒதுக்குங்கள். தட்டையாக இரட்டை அடுக்கு சுற்றினால் மாறுமிடம் உள்விட்டத்தில் அமைந்து இரு முனைகளும் வெளிப்பக்கமே வந்துவிடும், இந்தச் சிக்கலே எழாது. துடிப்பாக ஓட்டும் காயிலுக்கு அலுமினிய ஃபார்மர் (காயில் சுற்றும் சட்டம்) வேண்டுமென்றால், ஓரிடத்தில் முழுதாக வெட்டிப் பிளவு விடுங்கள். பிளவில்லாத வளையம் ஷார்ட் ஆன ஒற்றைச் சுற்றாக மாறிப் புலம் ஏறுவதைத் தடுக்கும்.

43 வோல்ட் காயிலுக்கு இத்தனை காப்பு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் காயிலின் இண்டக்டன்ஸ் (ஓட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) சுமார் 73 மில்லி ஹென்றி. ஓடும் 20 ஆம்பியரை ஒரு மில்லி விநாடியில் துண்டித்தால் முனைகளில் 1,460 வோல்ட் எழும். சுவிட்சைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தொடக்க முனைக் காப்பின் மீது அந்த அடி விழும். காயிலின் முனைகளிலேயே, சப்ளைக்குப் பின்னால் அல்ல, துண்டித்த பின் ஓட்டம் சுற்றிவரப் பாதை தரும் ஒரு ஃப்ரீவீலிங் டையோடைப் பூட்டுங்கள். ஓட்டம் விரைவில் இறங்க வேண்டுமென்றால் அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டர். காயிலுக்கும் டையோடுக்கும் நடுவில் ஃபியூஸோ பிளக்கோ இருக்கவே கூடாது.

சோதனையில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மெகர் (காப்பின் மின்தடை அளக்கும் கருவி) நன்றாகக் காட்டினால் காயில் நல்லது என்பது. 500 வோல்ட் மெகர் சொல்வது காயிலுக்கும் ஃபார்மருக்கும் இடையிலுள்ள காப்பை மட்டுமே. சுற்றுக்குச் சுற்று ஷார்ட் அதில் தெரியாது. மின்தடை அளந்தாலும் பயனில்லை. 500-இல் ஒரு சுற்று ஷார்ட் ஆனால் மாற்றம் 0.2 சதவீதம்தான், அறை வெப்பம் அரை டிகிரி மாறினால் அது மறைந்துவிடும். எல்சிஆர் மீட்டரில் 1 கிலோ ஹெர்ட்ஸில் இண்டக்டன்ஸையும் க்யூ மதிப்பையும் (ஆற்றல் இழப்பு குறையக் கூடும் எண்) பாருங்கள், ஷார்ட் ஆன சுற்று இரண்டையும் இறக்கும். ஒரே மாதிரி இரண்டு காயில்கள் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். உயர் வோல்ட் துடிப்பு செலுத்திச் சோதிக்கும் சர்ஜ் டெஸ்டர் கிடைத்தால் அதுவே உறுதியான சோதனை. எபாக்சி இறுகுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள்.

உந்திகளில் நிலைமை இன்னும் கடினம். 300 வோல்ட், 4.5 ஆம்பியரில் ஓடும் புகழ்பெற்ற எஸ்பிடி-100 வகை ஹால் உந்தியில் காயில் வெப்பமான வெளியேற்றக் குழாயை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. வெற்றிடத்தில் காற்றோட்டக் குளிர்ச்சி கிடையாது. பாலிஇமைடு எனாமல் 220, 240 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் மைக்கா அல்லது பீங்கான் காப்புக் கம்பிதான். சாதாரண வார்னிஷ் ஆவியை உமிழ்ந்து அறையைக் கெடுக்கும். இன்னொன்று: காற்றில் ஏறத்தாழ 330 வோல்ட்டே போதும், அழுத்தமும் இடைவெளியும் பொருந்தினால் மின்பொறி பாயும். அறையைக் காலி செய்யும்போது அழுத்தம் 1 டார் (வளிமண்டல அழுத்தத்தின் 760-இல் ஒரு பங்கு) அருகே கடக்கும் நேரம் அப்படிப்பட்டது. அப்போது காயிலுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இணைப்பு சிறியது என்று அலட்சியம் வேண்டாம். 2008 செப்டம்பர் 19 அன்று செர்ன் என்ற ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகத்தின் பெரும் துகள் மோதுகருவியில் இரு காந்தங்களுக்கு இடையிலிருந்த ஓர் இணைப்பின் மின்தடை சுமார் 200 நானோ ஓம். 8,700 ஆம்பியரில் அது சில பத்து வாட்டுக்கும் குறைவான சூடு. மீக்கடத்தியை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கடத்தியை) இயல்பு நிலைக்குத் தள்ள அதுவே போதுமானது. மின்வில் ஹீலியக் கலத்தைத் துளைத்தது, டன் கணக்கில் ஹீலியம் கொட்டியது, 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அறை வெப்பநிலைச் செம்பில் விளைவு மெதுவாக வரும், அவ்வளவுதான். லக்கை (கம்பி முனையில் மாட்டும் உலோக இணைப்பை) அழுத்திக் கிரிம்ப் செய்து, மில்லி ஓம் மீட்டரில் அளந்து, முதல் ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டை மீண்டும் இறுக்குங்கள். போக்கு வரத்துக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, நெருக்கமாகக் கட்டுங்கள். 1 டெஸ்லா புலத்தில் 1,000 ஆம்பியர் ஓடும் ஒரு மீட்டர் கம்பியின் மீது சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். துடிப்புக்குத் துடிப்பு அது ஆடி ஆடி முனையிலேயே ஒடியும்.

மேலே சொன்ன 500 காஸ் காயிலுக்கு, நடுவிலிருந்து அச்சில் சுமார் 57 செ.மீ. தள்ளித்தான் புலம் 5 காஸாகக் குறைகிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த எல்லைக்குள் வரக்கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, கதவில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு காயில்களை அடுக்கினால் அந்தத் தூரம் கூடும், அப்போது காஸ் மீட்டரால் மறுபடியும் அளந்து கோட்டைத் தள்ளிப் போட வேண்டும்.