நிறைய இருக்கிறது என்று விட்ட பறவை: மஞ்சள் மார்பு பண்டிங்

எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலில், 2004 வரை மஞ்சள் மார்பு பண்டிங் ‘தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம்’. அந்த ஆண்டு அதை ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்று மாற்றினார்கள். 2008இல் ‘அழிவாய்ப்பு இனம்’, 2013இல் ‘அருகிய இனம்’, 2017இல் ‘மிக அருகிய இனம்’. இதற்கு அடுத்த படி, இயற்கையில் அற்றுப்போவதுதான். பின்லாந்திலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சட்கா வரை கூடு கட்டி வாழ்ந்த ஒரு பறவை பதின்மூன்று ஆண்டுகளில் இந்தப் படிகள் எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது.

ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதலில் இந்தப் பறவையைப் பற்றித்தான் சொல்வேன். அரிய பறவையைத் தேடிப் போக ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். வயலில் கூட்டமாக மேயும் சின்னக் குருவிகளைப் பொறுமையாக எண்ணத்தான் யாரும் கிடைப்பதில்லை.

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குக் கறுப்பு முகம், செம்பழுப்பு முதுகு, பளீரென்ற மஞ்சள் மார்பு, அதன் குறுக்கே ஒரு செம்பழுப்புப் பட்டை. கோடையில் ரஷ்யா, மங்கோலியா, வடக்குச் சீனா, ஜப்பானின் ஹொக்கைடோ பகுதிகளில், புதர்கள் ஆங்காங்கே நிற்கும் ஈரப் புல்வெளிகளில் கூடு கட்டும். குளிர்காலத்தில் தெற்குச் சீனா, தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வங்கதேசம், நேபாளம், அப்புறம் நம் வடகிழக்கு மாநிலங்கள். தமிழ்நாடு இதன் வழக்கமான வலசை எல்லைக்குள் வராது.

பின்லாந்தில் கூடு கட்டிய காலத்தில்கூட அங்கே பிறந்த குஞ்சு நேராகத் தெற்கே பறந்து ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. முதலில் கிழக்கே ஆசியாவின் குறுக்காகப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து சீனாவுக்கு வரும். அங்கே யாங்சி ஆற்றுப் படுகையில் தங்கி இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொண்டு, பிறகுதான் தெற்கே இறங்கும். ஐரோப்பாவில் பிறந்ததும் கிழக்குச் சைபீரியாவில் பிறந்ததும் இலையுதிர் காலத்தில் சீனாவின் வழியாகத்தான் போயாக வேண்டும். போதாததற்கு, இரவில் நாணல் காடுகளில் ஆயிரக்கணக்கில் ஒன்றாக அடையும் பழக்கம் வேறு. அந்தி நேரத்தில் நாணல் ஓரமாக வலை கட்டினால் ஒரே மாலையில் ஒரு கூட்டத்தையே அள்ளிவிடலாம்.

அள்ளினார்கள். தெற்குச் சீனாவில் இதற்கு நெற்பறவை என்று பெயர், இதன் கறி உடம்புக்கு வலுவூட்டும் என்று நம்பிக்கை. 1997இல் சீனா வேட்டைக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. வியாபாரம் மறைவுக்குப் போனதே தவிர நிற்கவில்லை. 1980க்கும் 2013க்கும் இடையில் இந்த இனம் 84 முதல் 95 சதவீதம் வரை குறைந்துவிட்டது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே காலத்தில் வாழிடப் பரப்பு மேற்கிலிருந்து கிழக்காக 5,000 கிலோமீட்டர் சுருங்கிவிட்டது. என்னை மிகவும் பாதித்தது அதே ஆய்வின் இன்னொரு கணக்கு. ஆரம்பத்தில் மொத்தத் தொகையில் ஆண்டுக்கு வெறும் 2 சதவீதம் பிடிபட்டது, அது ஆண்டுக்கு 0.2 சதவீதம் கூடியது என்று வைத்துக் கணித்தாலே களத்தில் கண்ட சரிவு அப்படியே வந்துவிடுகிறது. நூற்றுக்கு இரண்டு பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

சீனாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. சிட்டுக்குருவி லேகியம் விற்ற ஊர் நம்முடையது. சின்னப் பறவையின் கறியில் பெரிய வலு இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கேயும் அங்கேயும் ஒன்றேதான். கம்போடியாவில் புண்ணியத்துக்காகப் பறவையை வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் உண்டு. விடுவதற்காகவே பிடிக்கப்படும் பறவைகளில் இதுவும் சேர்ந்துவிடுகிறது.

இந்தியாவில் அசாம், அருணாசலம், மணிப்பூர் ஈரநிலங்களிலும் அவற்றை ஒட்டிய வயல்களிலும் இது குளிர்காலத்தைக் கழிக்கிறது. இங்கே வலையைவிட நிலம்தான் எனக்குப் பெரிய கவலை. அறுப்பு முடிந்த தாளடியில் சிந்திய நெல்லும் புல் விதையும் வேண்டும், பக்கத்திலேயே அடைய நாணல் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அந்த இடம் இதற்குப் பயன்படாது. ஏரி ஓரத்துப் புல்லை எரிப்பதும் வடிகால் வெட்டி வயலாக்குவதும் எங்கும் நடக்கிறது. அசாமில் தின்சுகியா மாவட்டத்து மாகுரி ஏரி பறவை ஆர்வலர்கள் எல்லோரும் அறிந்த இடம். 2020இல் பக்கத்துப் பாக்ஜானில் எரிவாயுக் கிணறு வெடித்துத் தீப்பிடித்தபோது அந்த ஈரநிலம் பட்ட பாடு நாடறிந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஹாங்காங்கின் லாங் வேலியில் இந்தப் பறவைக்காகவே நெல் பயிரிட்டு, ஒரு பகுதியை அறுக்காமல் விட்டுவைக்கிறார்கள். சீனா 2021இல் இதை முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் அமூர் ஆற்றுப் பகுதியில் சில இடங்களில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறத் தொடங்கியிருக்கிறது. வேட்டை குறைந்தால் மீளும் திறன் இந்தப் பறவைக்கு இருக்கிறது என்றே நம்புகிறேன்.

வடகிழக்கில் வேலை பார்க்கிறீர்கள் அல்லது குளிர்காலத்தில் சுற்றிப்பார்க்கப் போகிறீர்கள் என்றால் வயல் ஓரக் கூட்டங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெண் பண்டிங்கைத் தூக்கணாங்குருவியின் பெண் என்று கடந்துவிடுவது சகஜம், இரண்டிலும் புருவக் கோடும் மங்கிய மஞ்சளும் உண்டு. தூக்கணாங்குருவிக்கு அலகு தடிமன், வால் குட்டை. பண்டிங்கின் வால் நீளம், பறக்கும்போது வாலின் இரு ஓரத்திலும் வெள்ளை தெரியும். பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் பதியும்போது, ‘இருந்தது’ என்று மட்டும் சொல்லும் ‘எக்ஸ்’ போடாமல் எண்ணிக்கையைப் போடுங்கள், உத்தேசமாக இருந்தாலும் சரி. ‘எக்ஸ்’ போட்ட பட்டியலை வைத்து ஒரு பறவை கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிடவே முடியாது. போன வருடம் பார்த்த இடத்தில் இந்த வருடம் இல்லையென்றால், அங்கே பார்த்த மற்றப் பறவைகள் எல்லாவற்றையும் கொண்ட முழுப் பட்டியலையும் பதியுங்கள்; இது இல்லை என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். கூட்டம் அடையும் நாணல் காட்டின் இடத்தை மட்டும் சமூக வலைத்தளங்களில் போட வேண்டாம். அதை வனத்துறையிடமும் அங்கே கணக்கெடுப்பவர்களிடமும் சொன்னால் போதும்.