இண்டிஜினஸ்: பழங்குடியா, பூர்வகுடியா?

ஆங்கிலத்தில் 'இண்டிஜினஸ் கம்போசர்' என்று வந்தால் போதும், தமிழில் 'பழங்குடி இசைக் கலைஞர்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ரேவன் சாக்கானைப் பற்றிய ஒரு குறிப்பில் மறுபடியும் இதையே பார்த்ததும் பொறுமை போய்விட்டது. 'உள்நாட்டு இசையமைப்பாளர்' என்றும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசம். ஏவுகணைச் செய்தியில் வரும் உள்நாட்டுத் தயாரிப்பா அவர்?

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லத்தீனில் 'இண்டிஜெனா' என்றால் உள்ளே பிறந்தவர், அதாவது அந்த மண்ணிலேயே பிறந்தவர். முன்பாதிக்கு உள்ளே என்று பொருள், பின்பாதி பிறத்தலைக் குறிக்கும் வேர். 'இண்டி' என்று தொடங்குவதால் இந்தியாவோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு சம்பந்தமும் இல்லை, இந்தியா சிந்துவிலிருந்து வந்த பெயர். மூலச்சொல்லில் 'பழைய' என்ற பொருள் துளிகூட இல்லை. இருப்பது இடம் மட்டும்தான்.

பழங்குடி தாழ்ந்த சொல் என்று நான் சொல்லவரவில்லை. 'வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று' என்று வள்ளுவர் சொல்லும்போது அது கைப்பொருள் குறைந்தாலும் குணம் குறையாத மரபான குடும்பம். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் அரசுப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் 'இசை' வந்தாலே நம் தலைக்குள் தீ மூட்டி, பறவை இறகு சூடி ஆடும் சினிமாக் காட்சிதான் ஓடுகிறது. சாக்கான் நவஹோ மக்களைச் சேர்ந்தவர், 2022இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பூர்வகுடி இசையமைப்பாளர். பரிசு வாங்கிய படைப்பு மில்வாக்கியில் ஒரு தேவாலயத்தின் பைப் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதப்பட்டது. பெயர் 'குரலற்ற திருப்பலி', பெயருக்கேற்ப அதில் யாரும் பாடுவதில்லை. இதைப் போய் 'பழங்குடி இசை' என்றால் கேட்கிறவர் எதை எதிர்பார்ப்பார்?

இன்னொரு சிக்கல் நம் தொகைச்சொல்லில் இருக்கிறது. 'பழங்குடி இசையமைப்பாளர்' என்பதைப் பழங்குடியில் பிறந்த இசையமைப்பாளர் என்றும் பிரிக்கலாம், பழங்குடி இசையை அமைப்பவர் என்றும் பிரிக்கலாம். இரண்டும் ஒன்றில்லை என்பதற்குக் கனடாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1967இல் இசையமைப்பாளர் ஹாரி சோமர்ஸ் எழுதிய 'லூயி ரியேல்' ஓப்பராவில் (இசை நாடகம்) நிஸ்கா என்ற பூர்வகுடி மக்களின் இரங்கல் பாட்டு ஒன்றை அனுமதி கேட்காமல் எடுத்துத் தாலாட்டாக வைத்துவிட்டார்கள். நிஸ்கா முறைப்படி அந்தப் பாட்டு அதற்கு உரிமையுள்ளவர்கள் மட்டும் பாட வேண்டியது. பல்லாண்டுகள் கழித்து, மேட்டி என்ற பூர்வகுடி இனத்தவரான இசையமைப்பாளர் இயன் கசன் அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆக, பூர்வகுடியின் பாட்டை வைத்தவர் பூர்வகுடி இல்லை. பூர்வகுடிக்காரர் எழுதியதோ ஓப்பரா இசை. நம் மொழிபெயர்ப்பில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கும்!

சரி, மாற்று என்ன? தனித்தமிழ் நண்பர்கள் 'தொல்குடி' என்கிறார்கள். சொல் அழகுதான், ஆனால் 'தொல்' என்றாலும் பழமைதானே, பழைய கோளாறு அப்படியே இருக்கிறது. 'முதற்குடி' என்றால் கனடாவின் 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' என்ற பிரிவோடு மோதும். அங்குள்ள மற்றப் பூர்வகுடிகளான இனுயிட்டும் மேட்டியும் அதில் சேரமாட்டார்கள், கசனே வெளியே நிற்பார். 'மண்ணின் மைந்தர்' தேர்தல் மேடைச் சொல். எனக்குப் 'பூர்வகுடி' போதும். 'பூர்வ' வடசொல் என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதற்கும் அகராதிப் பொருள் 'முந்தைய' என்பதுதான், தெரியும். ஆனால் பேச்சில் 'உங்களுக்குப் பூர்வீகம் எது?' என்று கேட்டால் நாம் ஆண்டுக் கணக்கா சொல்கிறோம், ஊரைத்தானே சொல்கிறோம்? லத்தீன்காரன் சொன்ன இடம் நம் வாயில் ஏற்கெனவே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஒரு வடசொல் இருக்கிறது என்பதற்காகத் தெளிவை ஏன் விட வேண்டும்?

அப்புறம், இந்தப் பொதுச்சொல்லையும் அளவோடு போடுங்கள். ஆஸ்திரேலியாவின் டெபோரா சீத்தம் ஃப்ரைலன் என்றால் 'யோர்ட்டா யோர்ட்டா மக்களைச் சேர்ந்த சோப்ரானோ (பெண்களின் உச்சக்குரல்) பாடகி, இசையமைப்பாளர்' என்று எழுதலாமே. 2010இல் அரங்கேறிய அவருடைய 'பெக்கன் சம்மர்' ஓப்பரா, 1939இல் கம்மராகஞ்சா குடியிருப்பின் நிர்வாகத்தைப் பொறுக்க முடியாமல் அந்த மக்கள் மர்ரே ஆற்றைக் கடந்து வெளியேறிய கதை. 'ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடகி' என்று சுருக்கினால் யாருடைய கதை என்பதே காணாமல் போய்விடும். பெயரை எழுதும்போது உச்சரிப்பையும் ஒருமுறை பாருங்கள். சாக்கானின் மக்கள் 'நவாஜோ' அல்ல, நவஹோ. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது தினே.