ரிவெர்ப் என்பது எதிரொலி அல்ல

மின்னணு இசையைத் தமிழில் சொல்லித்தரும் காணொளி எதைத் திறந்தாலும், பெரிய கூடத்தில் ஒலிப்பதுபோல் ஒலியை நீட்டித் தேயவைக்கும் ரிவெர்புக்கு ‘எதிரொலி’ என்கிறார்கள். தவறு. எதிர்முழக்கம் என்பதே சரியான சொல். பள்ளி இயற்பியலில் படித்த சொல்தான்.

ரிவெர்பரேஷன் என்பதன் சுருக்கம் ரிவெர்ப். லத்தீனில் ‘வெர்பெராரே’ என்றால் அடித்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திருப்பி அடித்தல். சொல்லின் கதை அவ்வளவுதான்.

எதிரொலி தனியாகக் காதில் விழ வேண்டும். மூல ஒலிக்கும் அதற்கும் இடையே சுமார் 0.1 நொடியாவது இருக்க வேண்டும். அதாவது சுவரோ பாறையோ 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மலையடியில் ‘ஏய்’ என்று கூவினால் இன்னொரு ‘ஏய்’ வரும். எத்தனை வந்தது என்று எண்ணலாம். எதிர்முழக்கத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வாலாக நீண்டு தேய்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் தொடங்கிய ஆய்வில், ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் அளந்தது இந்த வால் தேயும் நேரத்தைத்தான். ஒலி 60 டெசிபல் தணிய எவ்வளவு நேரம் என்பதே இன்றைக்கும் அளவு.

இதெல்லாம் நுணுக்கம், கேட்பவருக்கு எதற்கு என்பார்கள். ஆம்பியன்ட் என்னும், மெல்ல நீண்டு படரும் இசையைச் செய்பவருக்குக் கட்டாயம் வேண்டும். தேயும் நேரத்தை 8 நொடி வைத்து, 4 நொடிக்கு ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாற்றிப் பாருங்கள். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போனால் சி, ஈ என்ற இரண்டு சுரங்களும் பொது. பழைய கார்டின் வால் புதியதோடு இழைந்துவிடும். சி மேஜரிலிருந்து டி ஃப்ளாட் மேஜருக்குப் போனால் மூன்று சுரங்களும் அரைச்சுர இடைவெளியில் உரசிக் கலங்கிவிடும். வால் நீள நீள, எந்தக் கார்டுக்குப் பின் எது வரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரிவெர்பை எதிரொலி என்று கற்றவர் இங்கே என்ன செய்வார்? ரிவெர்ப் குமிழுக்குப் பக்கத்திலேயே, ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே என்று இன்னொரு குமிழ் இருக்கிறது. உண்மையில் எதிரொலி தருவது அதுதான். அதற்கும் எதிரொலி என்றே போட்டுவைத்தால், மாணவர் எந்தக் குமிழைத் திருப்புவார்?

எதிர்முழக்கம் என்றால் மேடைக் கோஷத்துக்குப் பதில் கோஷம் போல இருக்கிறது, மென்மையான இசைக்கு ஒட்டவில்லை என்று ஒரு மறுப்பு உண்டு. முழக்கம் என்பது கோஷமாகக் குறுகியது அண்மையில்தான். இடிமுழக்கம், கடல்முழக்கம், முரசின் முழக்கம் என எல்லாமே நீண்டு உருளும் ஓசைகள். அந்த நீட்சிதான் இங்கே தேவை. ‘எதிரொலி’யில் அது இல்லை.

இதைவிடக் கொடுமை ‘நாண் முன்னேற்றம்’. கார்டுகள் அடுத்தடுத்து வரும் வரிசையை, ஆங்கிலத்தில் ‘கார்டு ப்ரொக்ரெஷன்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வடிவியலில் நாம் நாண் என்று சொல்லும் ஆங்கிலக் ‘கார்டு’, நரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இசைக் கார்டு ‘அக்கார்ட்’, அதாவது இசைவு என்பதன் சுருக்கம். ஆங்கிலேயர் இரண்டையும் குழப்பி ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள், நாம் அந்தக் குழப்பத்தையே தமிழாக்கிவிட்டோம். அப்புறம் முன்னேற்றம்! சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போவதில் என்ன முன்னேற்றம்? சுரக்கூட்டுத் தொடர் என்று சொல்லலாம். அது வாயில் வராவிட்டால் கார்டு வரிசை என்றே சொல்லுங்கள், பொருளாவது கெடாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், ஒருமுறையாவது அந்தக் குமிழைத் திருப்பிக் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.