பனியன் கம்பெனி அம்மாக்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால்: இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை மட்டுமல்ல, சம்பளப் பணமும் உண்டு

திருப்பூரில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்றாலே காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற இடம் என்றுதான் பேச்சு. மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், வரிசையில் நின்றால் நாலு மாத்திரை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைப்பவர்களே அதிகம். நெடுநாள் நோய் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனால், அதே இ.எஸ்.ஐ. சம்பளத்தில் பெரும்பங்கை வங்கிக் கணக்கில் போடும் என்பது பலருக்குத் தெரியாது. அவினாசிப் பக்கம் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, கேட்டார்: "ஏனுங்க்கா, ஆபரேசன் இலவசமாப் பண்றாங்க, சரி. வூட்டு வாடகைக்கு என்னங்க பண்றது?"

சரியான கேள்வி. மார்பகப் புற்றுநோய் வைத்தியம் ஒரு ஆபரேஷனோடு முடிவதில்லை. கீமோ பெரும்பாலும் 21 நாளைக்கு ஒரு தடவை, ஆறு அல்லது எட்டுச் சுற்று. ரேடியேஷன் தேவைப்பட்டால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரம். ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக உள்ள புற்றுநோய் வகையாக இருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி ஏறக்குறைய ஒரு வருஷம். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையால் பிள்ளையைத் தூக்குவதே கொஞ்ச நாளைக்குக் கஷ்டம். ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்காருவது எங்கே?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். 13,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு 98 ரூபாய். பணம் இரண்டு கட்டமாக வரும். முதலில் சாதாரண நோய்க்கால உதவி: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. மூன்று மாசம், கீமோ முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். அடுத்த கட்டம்தான் முக்கியம். இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் 34 நெடுநாள் நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. அதனால் 91 நாள் தீர்ந்த பிறகு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி தொடங்கும். இதில் விகிதம் 80 சதவீதமாகக் கூடும். மருத்துவர் பரிந்துரைத்தால் இரண்டு வருஷம் வரை நீளும். தினக்கூலி 500 என்றால் முதலில் நாளுக்கு 350, பிறகு 400.

நிபந்தனைகளில்தான் ஆட்கள் இடறுகிறார்கள். முதல் கட்டத்துக்கு, கணக்கில் வரும் ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா, அதாவது சம்பளத்தில் பிடிக்கும் இ.எஸ்.ஐ. பணம், கட்டியிருக்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் படுத்தால் பார்ப்பது போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் படுத்தால் அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை. இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு வருஷம் தொடர்ந்த வேலையும், அதற்குள் வரும் நான்கு ஆறுமாதக் காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

இரண்டு வருஷம் ஒரே கம்பெனியில் இருப்பவர் திருப்பூரில் எத்தனை பேர்? தீபாவளி போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவது இங்கே சகஜம். மாறுவதில் தப்பில்லை, இ.எஸ்.ஐ. எண்ணை மாற்றுவதுதான் தப்பு. அந்த எண் ஆயுசுக்கும் ஒன்றுதான். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைக் கொடுக்காமல் விட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். பழைய சந்தாவெல்லாம் வேறொரு ஆள் கட்டியது போல ஆகிவிடும். பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை சம்பளத்தில் "பிடித்தம்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, சந்தா ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறவில்லை என்றால் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கட்டாதது முதலாளியின் குற்றமே தவிர உங்களுடையதல்ல.

இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் தரும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நாளுக்கும் பணம் வராது. பெரிய வைத்தியத்துக்குக் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அங்கே ஆபரேஷன் முடிந்ததும் பலர் டிஸ்பென்சரிப் பக்கமே வருவதில்லை. பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் தாள், கீமோ தேதிகள் எழுதிய அட்டை மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து அந்த டாக்டரிடம் காட்டி, விடுப்பு நாட்களுக்குச் சான்றிதழ் வாங்கி, கிளை அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டுக்காரரோ அம்மாவோ அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும். விடுப்பில் இருப்பதாகச் சொல்லும் நாளில் கம்பெனியில் கூலி வாங்கியிருக்கக் கூடாது.

பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மாரில் கட்டி என்றால் பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்தே மாசங்களை ஓட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது பால் கட்டாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

இ.எஸ்.ஐ. வீட்டுக்காரர் பேரில் மட்டும் இருந்தால் உங்களுக்கு வைத்தியம் உண்டு, சம்பளப் பணம் கிடையாது. இரண்டு பேருக்குமே இல்லை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 5 லட்சம் வரை ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் பார்க்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நடக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். விவரம் கேட்க 1800 425 3993, இ.எஸ்.ஐ.க்கு 1800 11 2526. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.