கேட்டால் சொல்லாத ஆசை

திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரா. வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்ற மிக நீளமான பெயர்ப்பலகை வரும், அதற்கப்புறம் நகரி. அங்கே தறிச் சத்தத்துக்கு நடுவில் என் சித்தி வீடு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். சித்தி மகன் மூன்று வருடமாகக் குரூப்-2 தேர்வுக்குப் படிக்கிறான்.

"உனக்கு உண்மையிலேயே என்னடா ஆசை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கவர்ன்மென்ட் வேலைதான்க்கா. யார் தொந்தரவும் இல்லாம கணக்கு செக்‌ஷன்ல உட்காரணும்."

தயங்காமல்தான் சொன்னான். ஆனால் புத்தகத்தோடு அரை மணி நேரம் உட்காரமாட்டான். அதே பையன், தெருவில் யாருக்காவது தறிக்கடன் விண்ணப்பம் புரியவில்லை என்றால் ராத்திரி பத்து மணிவரை பொறுமையாக விளக்குவான். சித்தி இதைப் பொறுப்பின்மை என்கிறார். ஆசையைப் பற்றி உளவியல் கண்டறிந்ததைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் ஒரு விஷயம்: நம் ஆசையை நம்மிடமே கேட்டால் சரியான பதில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அழகான சான்று இருக்கிறது. பெண்கள் அணியும் நைலான் காலுறைகளில் 4 ஜோடிகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனாலும் வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது இருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேர்வு ஒரு வழியில் நடக்கிறது. அதற்கான காரணத்தை மனம் பிற்பாடு, ஊரில் புழங்கும் நியாயங்களிலிருந்து எடுத்துக் கோத்துக்கொள்கிறது.

சரி, கேட்டால் வராதது எப்படி வரும்? கதையாக வரும். ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேயும் 1935இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இப்படியும் அப்படியும் பொருள்படும் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பார்ப்பவர் அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, இவர் மனதில் என்ன ஓடுகிறது, அடுத்து என்ன ஆகும்?

இது வெறும் ஊகம்தானே என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அதைத் தீர்த்தது பசி பற்றிய ஒரு சோதனை. ஜான் அட்கின்சன், டேவிட் மெக்லெலண்ட் இருவரும் 1948இல் வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்றில், சாப்பிட்டு 1 மணி நேரம், 4 மணி நேரம், 16 மணி நேரம் ஆனவர்களை இதே போலக் கதை எழுதச் சொன்னார்கள். பசி கூடக்கூடக் கதைகளில் உணவு இல்லாத நிலையும் உணவுக்காக அலைவதும் கூடின. வயிறாரச் சாப்பிடும் காட்சிகள் கூடவில்லை. இந்த ஒரு விவரத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். ஆசை, கிடைத்துவிட்ட பொருளாகக் கதைக்குள் வருவதில்லை. குறையாகவும், அந்தக் குறையைத் தீர்க்க ஓடும் ஓட்டமாகவும் வருகிறது.

இதே வழியில் மெக்லெலண்ட் குழுவினர் மூன்று ஆசைகளை அளந்தார்கள்: ஒரு வேலையை முன்னைவிட நன்றாகச் செய்யும் ஆசை, மனிதர்களோடு நெருங்கியிருக்கும் ஆசை, மற்றவர்மேல் செல்வாக்குச் செலுத்தும் ஆசை. மூன்றாவது என்றதும் அதிகாரத் திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லிக்கொடுப்பது, வழிகாட்டுவது எல்லாமே இதில் சேர்த்திதான்.

இந்த அளவீடு ஆந்திராவுக்கும் வந்தது. 1964இல் காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளுக்கு, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் மெக்லெலண்ட் குழு பயிற்சி தொடங்கியது. படம் பார்த்துக் கதை எழுதச் செய்து, அந்தக் கதைகளில் சாதிக்கும் ஆசை எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். ஊர் திரும்பியவர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாகப் புது முயற்சிகளில் இறங்கினார்கள்.

ஆனால் 1989இல் மெக்லெலண்ட், ரிச்சர்ட் கோஸ்ட்னர், ஜோயல் வைன்பெர்கர் மூவரும் எழுதிய கட்டுரைதான் எனக்கு என் தம்பியைப் புரியவைத்தது. "உங்களுக்கு எது முக்கியம்?" என்ற கேள்வித்தாளுக்கு ஒருவர் தரும் பதிலுக்கும் அவர் எழுதும் கதைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. இரண்டும் வேறு வேறு. யோசித்து எடுக்கும் முடிவைக் கேள்வித்தாள் காட்டும். யாரும் சொல்லாமலே ஒருவர் வருடக்கணக்கில் எதில் போய் விழுகிறார் என்பதைக் கதை காட்டும். கதையில் வருவது பேச்சு முழுதாக வருவதற்கு முன்பே உணர்ச்சி வழியாக ஊறியது, வாயால் சொல்வது பின்னாளில் மொழி வழியாக வந்தது என்பது அவர்கள் கருத்து. தறி ஓட்டும் குடும்பத்தில், மாதச் சம்பளம் என்ற சொல்லைத் தாலாட்டு போலக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு என்ன பதில் சொல்லும்?

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்ன? ஜெர்மனியில் யோக்கிம் புருன்ஸ்டைனும் சகாக்களும் 1998இல் மாணவர்களிடம் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் ஆசையோடு பொருந்திய இலக்கில் முன்னேறியவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. பொருந்தாத இலக்கில் முன்னேறியவர்களுக்கு அந்த நிறைவு கிடைக்கவில்லை. மறுவருடம் ஆலிவர் ஷுல்ட்ஹைஸும் புருன்ஸ்டைனும் ஒரு வழியைக் காட்டினார்கள். ஓர் இலக்கை ஏற்கும் முன், அதைச் செய்வதாகக் காட்சி காட்சியாகக் கற்பனை செய்து பார்த்தவர்களின் ஈடுபாடு, உள்ளே இருக்கும் ஆசைக்கு ஏற்றபடி அமைந்தது. உள்மனத்துக்குப் பதவியின் பெயர் புரிவதில்லை, காட்சி புரிகிறது.

ஒரு எச்சரிக்கை. கை எதை நோக்கிப் போகிறதோ அதுவே ஆழ்மன ஆசை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கென்ட் பெரிட்ஜ் 1989இல் எலிகளின் மூளையில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுதும் நீக்கிப் பார்த்தார். தானாக எழுந்து போய் உணவைத் தேடாத அந்த எலிகள், வாயில் இனிப்புப் பட்டதும் வழக்கம் போலச் சப்புக்கொட்டின. வேண்டும் என்ற உந்துதல் தனி, அனுபவிக்கும் இன்பம் தனி. நள்ளிரவில் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரல் முதலாவதற்கு மட்டும் சாட்சி. முடித்து எழும்போது மனம் நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

போன பொங்கலுக்குத் தம்பியிடம், கண்ணை மூடி அந்தக் கணக்கு செக்‌ஷனில் ஒரு முழு நாளை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பதினொரு மணிக்கு மேல் ஓடவில்லை என்றான். "அக்கா, ஜன்னல்கிட்ட யாராவது மனு எடுத்துட்டு வந்தா நல்லாருக்கும்னு தோணுது." எழுந்து போய்ப் பழைய விண்ணப்ப நகலை எடுத்து வந்தான். பதவி விருப்ப வரிசையில் கணக்குப் பணிகள் எல்லாம் மேலே இருந்தன. பென்சிலால் அடித்துவிட்டு, டெபுடி தாசில்தாரை முதலில் எழுதினான்.