800 இலக்கம் கொம்பனி மாறுவது எப்படி?

வெள்ளவத்தையில் இருந்தபடி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 800இல் தொடங்கும் அமெரிக்க டோல் ஃப்ரீ இலக்கம் ஒன்று பல வருடமாக இருக்கிறது. கடிதத் தலைப்பிலும் பில்லிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. இப்போதைய சேவை நிறுவனம் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. இலக்கத்தை விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாறலாமா? மாறும்போது அழைப்புகள் தவறிப்போகுமா?"

மாறலாம். ஒழுங்குமுறையாகச் செய்தால் ஓர் அழைப்புக்கூடத் தவறாது. ஏன் தவறாது என்பதற்குக் காரணமான அமைப்பு, தொலைபேசி உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அவருடைய நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன்.

பழைய காலத்துத் தொலைபேசி இலக்கம் என்பது வழிகாட்டல். 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜரின் தானியங்கி இணைப்பகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீங்கள் 4ஐச் சுழற்றினால் நான்கு மின்துடிப்புகள் போகும். ஒரு மின்காந்தம் அத்தனை முறை இழுக்கும். தேர்வுக் கருவியின் கை டக், டக், டக், டக் என்று நான்கு படி மேலே ஏறி, அந்தத் தட்டில் சும்மா இருக்கும் கம்பியைத் தேடிப் பிடித்து அடுத்த கருவிக்கு வேலையைக் கொடுக்கும். அடுத்த இலக்கம் அடுத்த கருவியை ஏற்றும். ஒவ்வோர் இலக்கமும் பாதையில் ஒரு திருப்பம். வீடு மாறினால் பாதை மாறும், ஆகவே இலக்கமும் மாறியே தீரும்.

இந்தக் குணம் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. 077 என்று பார்த்ததும் டயலொக் என்கிறோம், 071 என்றால் மொபிடெல், 072 என்றால் ஹட்ச். முன்னிலக்கங்களைக் கொம்பனிகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருப்பதால், முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்த உடனே அழைப்பை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இணைப்பகம் முடிவு செய்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1967இல் 800 சேவையைத் தொடங்கியபோதும் இதே கதைதான். அழைக்கிறவர் காசு கட்டத் தேவையில்லை, பெறுகிறவர் கட்டுவார். ஆனால் 800க்குப் பிறகு வரும் மூன்று இலக்கங்கள், அழைப்பு நாட்டின் எந்தப் பகுதிக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லின. பிறகு ஏடி அண்ட் டியின் பெல் சாம்ராஜ்யம் உடைந்து பல கொம்பனிகள் உள்ளே வந்ததும், அந்த மூன்று இலக்கங்கள் கொம்பனியைச் சொல்லத் தொடங்கின. முன்பு ஊரோடு கட்டப்பட்டிருந்த இலக்கம் இப்போது கொம்பனியோடு கட்டப்பட்டது. வணிகர்கள் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். விளம்பரப் பலகையில் எழுதி, வாடிக்கையாளர் மனதில் பதிய வைத்த இலக்கத்தை இழக்கப் பயந்து, கட்டணம் கூடினாலும் பேசாமல் கட்டினார்கள்.

கட்டை அவிழ்க்கும் வழி அதற்கு முன்பே கையில் இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரோய் வெபர் என்ற பொறியியலாளர் 1980இல் ஒரு காப்புரிமை பெற்றார். அதன் சாரம் இதுதான்: இலக்கத்தைப் பார்த்துப் பாதையை ஊகிக்காதே. அழைப்பை நடுவழியில் நிறுத்து. ஒரு தரவுத்தளத்திடம் கேள். பதில் வந்த பிறகு அனுப்பு.

டெக்சஸில் ஒருவர் நமது வெள்ளவத்தை நிறுவனத்தின் 800 இலக்கத்தை அழுத்துகிறார். அவருடைய உள்ளூர் இணைப்பகம் முதல் மூன்று இலக்கத்தைப் பார்க்கிறது. 800 என்று ஓர் ஊர் கிடையாது. ஆகவே அது அழைப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு ஒரு சிறிய செய்தி எழுதுகிறது: "இன்ன இலக்கத்தை அழைக்கிறார்கள், அழைப்பு இன்ன பகுதியில் இருந்து வருகிறது, என்ன செய்யட்டும்?" இந்தச் செய்தி குரல் போகும் பாதையில் போவதில்லை. எஸ்எஸ்7 என்ற தனிச் சமிக்ஞை வலையமைப்பு இதற்கென்றே இருக்கிறது. செய்தி அதன் வழியாக ஒரு தரவுத்தளத்துக்குப் போகிறது. பதிலாக வருவது பெரும்பாலும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று. அமெரிக்காவில் இப்படி அழைப்பைக் கொண்டுபோகும் ஒவ்வொரு கொம்பனிக்கும் அப்படி ஒரு குறியீடு உண்டு. "இதை இந்தக் கொம்பனியிடம் கொடு" என்பதே அதன் அர்த்தம். இணைப்பகம் பிடித்து வைத்திருந்த அழைப்பை விடுவித்து அந்தக் கொம்பனியிடம் ஒப்படைக்கிறது.

புறக்கோட்டையில் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நாட்டாமை சந்தியில் நின்று, "இது எந்தக் கடைக்கு?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போவாரே, அதே வேலை. மூட்டையின் மேல் எழுதியிருக்கும் பெயர் மாறுவதில்லை. கணக்கப்பிள்ளையின் கொப்பியில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் கடை மாறலாம்.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. அழைப்பவர் காதில் மணி ஒலிக்கு முன் வரும் சின்ன அமைதிக்குள் கேள்வியும் பதிலும் அடங்கிவிடும். நியூயோர்க்கில் இருந்து கொழும்புக்கு நேர்கோட்டுத் தூரமே சுமார் 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆக, அங்கே பேசிய சொல் இங்கே வந்து சேரவே குறைந்தது 70 மில்லிசெக்கன் வேண்டும், கடலடிக் கேபிள் வளைந்து வருவதால் உண்மையில் இன்னும் கூடும். இலக்கத்துக்கு வழி தேடும் வேலையெல்லாம் அமெரிக்காவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கொம்பனியின் கைக்கு அழைப்பு வந்த பிறகு, அது தன்னுடைய பட்டியலை ஒருமுறை பார்த்து, இணையவழியாகக் கொழும்பு அலுவலகத்து மேசைக்கு அனுப்புகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தரவுத்தளத்தில் ஓர் இலக்கத்துக்கு எதிரே ஒரேயொரு பதில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே ஒரு முடிவு மரமே வளர்க்கலாம். கலிபோர்னியாவில் இருந்து வந்தால் இந்தக் கொம்பனி, புளோரிடாவில் இருந்து வந்தால் அந்தக் கொம்பனி. வார நாளில் ஒரு பாதை, ஞாயிற்றுக்கிழமை வேறு பாதை. காலை எட்டு மணிக்கு முன் ஒன்று, பின் இன்னொன்று. இவற்றோடு சதவீதமும் வைக்கலாம்: வரும் அழைப்புகளில் 10 சதவீதத்தைப் புதுக் கொம்பனிக்கு அனுப்பு, மிச்சத்தைப் பழையதற்கே விடு. ஒரு நாள் பார்த்து, குரல் தெளிவாக இருக்கிறது, இணைப்பு அறுவதில்லை என்றால் 50 ஆக்கலாம். அப்புறம் 100. ஒரே இலக்கம், ஒரே நேரத்தில் இரண்டு கொம்பனிகளில் உயிரோடு இருக்கிறது. ஸ்ட்ரோஜரின் இரும்புக் கை இதைக் கனவிலும் செய்திருக்காது. மாற்றி எழுதிய பதிவு நாட்டில் உள்ள தரவுத்தளங்களுக்கெல்லாம் போய்ச் சேர ஏறத்தாழ கால் மணித்தியாலம் போதும்.

இந்த முறைப்படி அமெரிக்காவில் 800 இலக்கங்களை விரும்பிய கொம்பனிக்குக் கொண்டுபோகும் வசதி 1993 மே மாதத்தில் வந்தது. 800 போதாமல் போனதால் 888, 877, 866, 855, 844, 833 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் கொம்பனியை மாற்றுவதற்குப் பின்னாலும் இந்தக் கருத்தே இருக்கிறது. சிங்கப்பூர் 1997இலும் இந்தியா முழுவதும் 2011 ஜனவரியிலும் அதைத் தொடங்கின. இலங்கையில் பல வருடம் பேச்சளவிலேயே நின்ற விடயம் அது. இலக்கம் பயனாளியின் கையில் இருக்கும்போதுதான் கொம்பனிகள் விலையிலும் தரத்திலும் உண்மையாகப் போட்டி போடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. தொழில் தொடங்கும் நம்மவர்கள் பலர் தொலைபேசி இலக்கத்தை எண் சோதிடம் பார்த்து எடுக்கிறார்கள். கூட்டினால் 8 வருகிறது என்று, எளிதில் நினைவில் நிற்கக்கூடிய இலக்கத்தைத் தள்ளிவிட்டு, 5 அல்லது 9 வரும் ஏதோ ஒன்றுக்கு மேலதிகமாகக் காசு கொடுக்கிறார்கள். மேலே பார்த்ததை யோசித்துப் பாருங்கள். அழுத்திய இலக்கத்தைக் கொண்டு வலையமைப்பு செய்வது, பட்டியலில் ஒரு வரியைத் தேடுவது மட்டுமே. அழைப்பைக் கொண்டுபோவது வேறொரு குறியீடு, போய்ச் சேருவது வேறொரு முகவரி. அவற்றின் கூட்டுத்தொகை என்னவென்று எந்தச் சோதிடரும் பார்க்கவில்லை. அந்தக் காசை நல்ல லைனுக்கும், பண்பாகக் கதைக்கத் தெரிந்த ஓர் ஊழியருக்கும் செலவழித்தால் வியாபாரம் நிச்சயம் வளரும்.

சரி, வாசகரின் வேலைக்கு வருவோம். அந்தத் தரவுத்தளத்தில் உங்கள் இலக்கத்தின் வரியை யார் வேண்டுமானாலும் திருத்த முடியாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 'பொறுப்பு நிறுவனம்' ஒன்று பதிவாகியிருக்கும். பேனா அதன் கையில்தான். இலக்கத்தை மாற்றுவது என்றால் முதலில் நடப்பது பேனா கைமாறுவது. புது நிறுவனம் உங்களிடம் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அண்மைய பில்லும் கேட்கும். அதை வைத்துப் பழைய பொறுப்பு நிறுவனத்திடம் விண்ணப்பிக்கும். கடிதத்தில் உள்ள பெயரும் முகவரியும் பழைய கணக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். 'பிரைவேட் லிமிடெட்' என்று ஓரிடத்தில் இருந்து மற்ற இடத்தில் இல்லாமல் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கும் முன்னால் இருக்கிறது. இலக்கத்தை இடைத்தரகர் மூலம் வாங்கியிருந்தால், பதிவில் பயனாளியாக இருப்பது அந்தத் தரகரின் பெயராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் கையெழுத்துக்கு அங்கே பெறுமதி இல்லை. கட்டணம் உறுத்தும்வரை காத்திராமல், "எங்கள் இலக்கம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது?" என்று இன்றே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பேனா கைமாறிய உடனே அழைப்பின் பாதை மாறிவிடாது. வரியில் பழைய கொம்பனியின் குறியீடுதான் இருக்கும். புதியவர் அதைத் திருத்தும்வரை அழைப்புகள் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கும். அழைப்பு தவறாமல் இருப்பதன் காரணம் இதுவே. ஆனால் இந்த இடைவெளியில் பழைய சேவையை ரத்துச் செய்தால் அழைப்புகள் யாரும் எடுக்காத கதவில் போய் முட்டும். மாற்ற விண்ணப்பத்துக்கு முன்னமே ரத்துச் செய்வது அதைவிட மோசம். இலக்கம் துண்டிக்கப்பட்ட நிலைக்குப் போய், சில மாதங்களில், யாரும் எடுக்கக்கூடிய இலக்கங்களின் பொதுக் குளத்துக்குத் திரும்பிவிடும். அங்கே முதலில் கேட்டவருக்கே முதலில் கிடைக்கும். ஆகவே புதுப் பாதையில் அழைப்பு வந்து, கதைத்துப் பார்த்து, ஒரு மாதப் பில்லும் சரியாக வந்த பிறகே பழைய ஒப்பந்தத்தை முடியுங்கள். அந்த இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியும் வருமானால் அதைத் தனியாகக் கேளுங்கள். குறுஞ்செய்திக்கான பதிவு வேறு, குரல் மாறியதால் அது தானாக மாறாது.

சோதனை அழைப்பைக் கொழும்பில் இருந்து எடுத்துப் பயனில்லை. வெளிநாட்டில் இருந்து அமெரிக்க 800 இலக்கத்தை அழுத்தினால் பல நேரம் இணைப்பே கிடைக்காது, கிடைத்தாலும் சாதாரண வெளிநாட்டு அழைப்பாகக் காசு போகும். ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடம் எடுக்கச் சொல்லலாம் என்று தோன்றும். கனடாவும் அதே 800 இலக்கங்களைத்தான் பாவிக்கிறது. ஆனால் எந்தெந்தப் பகுதியில் இருந்து வரும் அழைப்பை ஏற்பது என்பதும் தரவுத்தளத்தில் உங்கள் இலக்கத்தின் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். கனடா அதில் இல்லையென்றால் மச்சானுக்குக் கிடைக்காது, அமெரிக்காவில் எல்லாருக்கும் கிடைத்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களிடம், வெவ்வேறு மாநிலங்களில் இருந்து, ஒருவர் வீட்டுத் தொலைபேசியிலும் இன்னொருவர் கைத்தொலைபேசியிலுமாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.