ஓடிபி யாருக்கும் சொல்லவில்லையே, காயின் எப்படிப் போச்சு?

கிரிப்டோ காயினைத் தொலைத்துவிட்டு என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் இரண்டு தடவை தொலைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் தடவை திருடனிடம். அடுத்த தடவை, "போனதை மீட்டுத் தருகிறேன்" என்று டெலிகிராமில் வலிய வந்து பேசியவனிடம். இரண்டாவதாகப் போன பணம் நகையை அடகு வைத்துக் கட்டியதாக இருக்கும். இதே வரிசை சலிக்காமல் நடந்துகொண்டிருப்பதால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்து உட்கார்ந்ததும் வரும் முதல் வாக்கியம்: "ஓடிபி யாருக்குமே சொல்லலை சார்." இரண்டாவது வாக்கியம்: "பாஸ்வேர்டை உடனே மாத்திட்டேன்." இந்த இரண்டையும் தலையிலிருந்து இறக்கிவைத்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வாலட் போன்ற வாலட் ஆப்களில் ஓடிபி என்ற ஒன்றே கிடையாது. அனுப்பலாமா என்று உங்களைக் கேட்க அங்கே வங்கியும் இல்லை, மேனேஜரும் இல்லை. உங்கள் காயின் ஃபோனுக்குள்ளும் இல்லை, அந்த ஆப்புக்குள்ளும் இல்லை. பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் உங்கள் முகவரிக்கு எதிரே இவ்வளவு என்று ஒரு கணக்கு எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதக் கையெழுத்து வேண்டும். வாலட் ஆப் அந்தக் கையெழுத்தைப் போடும் பேனா. முதல் நாள் எழுதி வைக்கச் சொன்ன 12 அல்லது 24 சொற்கள், அதாவது சீட் ஃப்ரேஸ், அந்தக் கையெழுத்தேதான்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருவோம். ஆப்பைத் திறக்க நீங்கள் போடும் பாஸ்வேர்டு அந்த ஒரு ஃபோனில் கிடக்கும் ஒரு நகலுக்கு மட்டும் பூட்டு. திருடன் உங்கள் ஃபோனைத் தொடவே மாட்டான். 12 சொற்களையும் தன் ஃபோனில் தட்டி, தனக்குப் பிடித்த பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுக்கொள்வான். நீங்கள் இங்கே நூறு முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் அங்கே ஒன்றும் ஆகாது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாலும் ஆகாது. ஃபோனையே மாற்றினாலும் ஆகாது. இதில் இன்னும் மோசமான ஒன்று உண்டு: அதே ஆப்பில் "அக்கவுண்ட் 2" என்று ஒன்றைத் திறந்து மிச்சப் பணத்தை அதற்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது. அக்கவுண்ட் 2, 3, 4 எல்லாமே அதே 12 சொற்களிலிருந்து பிறப்பவை. காலையில் அதுவும் காலியாக இருக்கும். சீட் வெளியே போய்விட்டதென்றால் புது சீட்டில், முடிந்தால் வேறு ஃபோனில், புது வாலட். வேறு வைத்தியம் இல்லை.

சரி, உண்மையிலேயே போய்விட்டதா? அலறுவதற்கு முன் எக்ஸ்ப்ளோரரில், அதாவது பிளாக்செயின் கணக்கை யாருக்கும் காட்டும் இணையதளத்தில் பாருங்கள். எதீரியத்துக்கு ஈதர்ஸ்கேன், டிரானுக்கு டிரான்ஸ்கேன், பிட்காயினுக்கு மெம்பூல் டாட் ஸ்பேஸ். உங்கள் முகவரியை மட்டும் ஒட்டினால் போதும். முகவரி பொதுவில் தெரிவதில் திருட்டு அபாயம் கிடையாது. சீட்டைக் கேட்கும் எந்த எக்ஸ்ப்ளோரரும் எக்ஸ்ப்ளோரரே இல்லை.

எக்ஸ்ப்ளோரரில் இருப்பு தெரிகிறது, வாலட்டில் தெரியவில்லை என்றால் அது திருட்டு அல்ல. எதீரியம் போன்ற ஒரு பிளாக்செயின் மேல் ஓடும் காயினுக்கு டோக்கன் என்று பெயர்; அது வாலட்டின் பட்டியலில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். கான்ட்ராக்ட் முகவரியை (அந்த டோக்கனை நடத்தும் நிரலின் முகவரி) கொடுத்து இம்போர்ட் செய்தால் வந்துவிடும். அல்லது நெட்வொர்க் மாறியிருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து (காயின் வாங்கி விற்கும் தளம்) யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பு டோக்கனை பிஇபி20, அதாவது பிஎன்பி செயின் வழியாக அனுப்பிவிட்டு, வாலட்டில் எதீரியம் நெட்வொர்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவார்கள். இரண்டிலும் முகவரி ஒன்றே. பிஎன்பி செயினுக்கு மாற்றிப் பாருங்கள், அங்கே இருக்கும்; எடுக்க, கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பிஎன்பி வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆதரிக்காத நெட்வொர்க்கில் அதன் முகவரிக்கு அனுப்பியிருந்தாலோ, எக்ஸ்ஆர்பி அனுப்பும்போது யார் கணக்கு என்று காட்டும் டேக் எண்ணைப் போட மறந்திருந்தாலோ, உதவக்கூடியவர்கள் அந்த எக்ஸ்சேஞ்ச்காரர்கள் மட்டும்தான். பரிவர்த்தனை எண்ணோடு சப்போர்ட் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருங்கள். டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரிக்கே டோக்கனை அனுப்பியிருந்தால், பொதுவாக அதை மறந்துவிட வேண்டியதுதான்.

பிட்காயினில் மட்டும் வரும் ஒரு பதற்றம் உண்டு. 0.5 இருந்த முகவரியிலிருந்து 0.1 அனுப்புகிறீர்கள், எக்ஸ்ப்ளோரரில் பழைய முகவரி சுத்தமாகக் காலி. கட்டணம் போக மிச்சம் சுமார் 0.4, கடையில் கொடுக்கும் சில்லறை மாதிரி, உங்கள் வாலட்டுக்கே சொந்தமான வேறொரு முகவரிக்குத் திரும்பியிருக்கும். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு வெளியீடுகள் தெரியும், பாருங்கள்.

சீட்டைப் போட்டு மீட்ட பிறகும் வாலட் காலியாகத் திறக்கிறது என்றால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, டெரிவேஷன் பாத். ஒரே சீட்டிலிருந்து 44, 49, 84, 86 என்ற தடங்களில் வெவ்வேறு பிட்காயின் முகவரிகள் கிளைக்கின்றன. பழைய முகவரி 1-இல் தொடங்கியதா, 3-இலா, "பிசி1" என்றா என்பது நினைவிருந்தால் தடம் கிடைத்துவிடும். இரண்டு, பாஸ்ஃப்ரேஸ். "25-வது சொல்" என்று ஒன்றை எப்போதோ வைத்திருந்தால், அதில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழை என்று வாலட் சொல்லாது. சத்தமில்லாமல் வேறொரு காலி வாலட்டைத் திறந்துவிடும்.

சொல்லே தொலைந்துவிட்டதா? சீட் சொற்களுக்கான பிஐபி39 பட்டியலில் இருப்பவை 2,048 சொற்கள் மட்டுமே. முதல் நான்கு எழுத்துகள் போதும், எந்தச் சொல் என்று தீர்மானமாகிவிடும்; கையெழுத்துக் கோளாறுகள் பாதி இங்கேயே தீரும். 12-இல் ஒன்று காணோம், எந்த இடம் என்று தெரியும் என்றால், செக்சம் (சொற்கள் சரியா என்று பார்க்கும் உள்கணக்கு) பொருந்தும் சொற்கள் சுமார் 128தான். இரண்டு காணோம் என்றால் சுமார் 2.6 லட்சம் சேர்க்கைகள். பன்னிரண்டும் இருக்கிறது, வரிசை மட்டும் குழம்பிவிட்டது என்றால் கிட்டத்தட்ட 47.9 கோடி வரிசைகள். செக்சத்தில் வடிகட்டினால் 3 கோடி. இவையெல்லாம் கணினிக்குச் சாத்தியம். பிடிசிரெகவர் என்ற திறந்த மூல நிரலை இணையம் துண்டித்த கணினியில் ஓட்டுங்கள். ஐந்தாறு சொற்கள் இல்லையென்றால் யார் வந்தாலும் கையை விரிக்க வேண்டியதுதான். "24-இல் 12 இருந்தாலும் எடுத்துத் தருவேன்" என்கிறவன் பொய் சொல்கிறான்.

பெண்டிங்கில் நிற்பது தொலைந்த கணக்கில் சேராது. பிட்காயினில் கட்டணம் குறைவாகப் போட்டால் அப்படித்தான் கிடக்கும். வழக்கமான நோடுகள் (பிட்காயின் வலையமைப்பின் கணினிகள்) 14 நாளில் அதைக் கழற்றிவிடும், காயின் உங்களிடமேதான் இருக்கும். எதீரியத்தில் அதே நான்ஸ் எண்ணோடு (உங்கள் பரிவர்த்தனையின் வரிசை எண்) அதிகக் கட்டணத்தில் இன்னொன்றை அனுப்பினால் பழையது ரத்து.

இப்போது நிஜமாகவே வெளியே போனவை. எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை. நீங்கள் எதையும் அழுத்தாத நேரத்தில் எதீரியத்தின் ஈதரோ டிரானின் டிஆர்எக்ஸோ போயிருந்தால், சீட் கசிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டோக்கன் மட்டும் போய் மற்றது அப்படியே இருக்கிறது, அதுவும் பரிவர்த்தனையைத் தொடங்கியது வேறொரு முகவரி என்றால், எங்கோ ஓர் இணையதளத்தில் அப்ரூவல், அதாவது உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். "கேஸ் ஃபீ கேட்கவில்லையே, வெறும் சைன்தானே" என்பார்கள். பர்மிட் வகைக் கையெழுத்துக்குக் கேஸ் கேட்காது. அந்த ஒன்றை வைத்தே டோக்கனை அள்ளிவிடலாம். இதற்கு ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ரிவோக் டாட் கேஷிலோ போய் அனுமதிகளை ரத்து செய்ய வேண்டும். வாலட்டைத் துண்டித்தால் அனுமதி போகாது. டிரானில் என்றால் டிரான்ஸ்கேனில் பர்மிஷன் பகுதியையும் பாருங்கள். ஓனர் உரிமையையே திருடன் தன் முகவரிக்கு மாற்றி எழுதியிருக்கலாம்.

சீட் கசிந்த வாலட்டில் மிச்ச டோக்கனைக் காப்பாற்ற என்று கேஸ் பணம் போடாதீர்கள். வந்த பணத்தை உடனே வாரிக்கொள்ளும் ஸ்வீப்பர் பாட் என்ற நிரல் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் போட்ட ஈதர் நொடியில் காணாமல் போகும், மறுபடி போடுவீர்கள், மறுபடி போகும். யூட்யூப் கமெண்டுகளில் "என் வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, எப்படி எடுப்பது" என்று சீட்டோடு அப்பாவிபோலக் கேட்பதும் இதே வலைதான். பேராசைப்பட்டு டிஆர்எக்ஸ் போடுகிறவருக்காக வைத்த சீட் அது.

புகாருக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், இல்லையென்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். யுபிஐ வழியாக யாருக்காவது பணம் அனுப்பித் தொடங்கிய மோசடி என்றால் முதல் சில மணி நேரம் தங்கம், வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. கையில் கொண்டுபோக வேண்டியவை: பரிவர்த்தனை எண் முழுமையாக, எழுத்தாக, இரு தரப்பு முகவரிகள், அரட்டையின் எக்ஸ்போர்ட், அந்த இணையதளத்தின் பெயர், வங்கி ஸ்டேட்மெண்ட். பாதி வெட்டப்பட்ட ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும் முகவரியை யாரும் தட்டச்சு செய்து கண்டுபிடிக்க முடியாது. நேரத்தையும் கவனியுங்கள்: எக்ஸ்ப்ளோரர் யுடிசி நேரம் காட்டினால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டி எழுதுங்கள். தடம் ஒரு எக்ஸ்சேஞ்சில் போய் முட்டினால், விசாரணை அதிகாரி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 94-வது பிரிவின் கீழ் விவரம் கேட்கலாம். யுஎஸ்டிடி என்றால் அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் அந்த முகவரியை முடக்க முடியும். பிட்காயினை யாராலும் முடக்க முடியாது.

ஸ்டேஷனில் "கிரிப்டோவா, அதெல்லாம் சட்டவிரோதம்" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரலிலிருந்து இதன் லாபத்துக்கு 30 சதவீதம் வரி கட்டுகிறோம். வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சிக்கிய 3,532 எக்ஸ்ஆர்பி தொடர்பான வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமே கிரிப்டோவைச் சொத்து என்று சொல்லியிருக்கிறது. வரி வாங்கும் சொத்துக்குப் புகார் வாங்க மறுக்க முடியாது. ஆனால் ஒன்று, புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வருவது அரிது. அந்த அரிதும் புகார் இல்லாமல் கிடையாது.

"மீட்பு நிபுணர்"களைப் பற்றி ஒரே பத்தி. உறுதியான பரிவர்த்தனையை எந்த ஹேக்கராலும் திருப்ப முடியாது. முன்பணம், கேஸ், வரி, "ஆன்டி மணி லாண்டரிங் சர்டிஃபிகேட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் திருடன். உங்கள் பணம் வந்து நிற்பதாக ஒரு டாஷ்போர்டு காட்டினாலும் திருடன். நேர்மையானவர்கள் செய்யக்கூடியது, காசு எங்கே போனது என்று தடம் பிடித்து அறிக்கை கொடுப்பது. அவர்களுக்கு உங்கள் சீட் தேவைப்படாது.

இனி இருப்பதைக் காப்பது. ஹார்டுவேர் வாலட்டை (சீட்டை இணையத்துக்கு வெளியே வைக்கும் சின்னக் கருவி) தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். பெட்டிக்குள் சீட் முன்பே எழுதி வந்தால் அது பொறி, தூக்கிப் போடுங்கள். இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 2.7 லட்சம் பேரின் வீட்டு முகவரிகள் 2020-இல் கசிந்தன. அதன் பிறகு போலிக் கருவிகளும் கடிதங்களும் தபாலிலேயே வந்தன. கருவி எதுவானாலும், அதன் சின்னத் திரையில் தெரிவதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது, கணினித் திரை காட்டிய சாதாரணப் பரிவர்த்தனையை நம்பிக் கையெழுத்துப் போட்டதால்.

எக்ஸ்சேஞ்சில் வைப்பவர்கள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள், நீங்கள் குறித்த முகவரிகளுக்கு மட்டும் காயினைப் போகவிடும் வித்ட்ராயல் ஒயிட்லிஸ்டைப் போடுங்கள். அப்போதும் முழுவதையும் அங்கே வைக்காதீர்கள். 2024 ஜூலை 18-இல் வாசிர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனபோது பயனர் யாரும் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

பழைய ஹிஸ்டரியிலிருந்து முகவரியை நகலெடுக்காதீர்கள், தயவுசெய்து. முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போகும் முகவரியை உருவாக்கி, பூஜ்ய மதிப்பில் ஒரு பரிவர்த்தனையை உங்கள் ஹிஸ்டரியில் நுழைத்துவிடுவார்கள். 2024 மேயில் ஒருவர் இப்படி 1,155 ராப்டு பிட்காயினை (பிட்காயின் மதிப்புள்ள எதீரியம் டோக்கன்) ஒரே அனுப்பலில் கொடுத்துவிட்டார். அதில் பெரும்பகுதி பிறகு திரும்பியது, உங்களுக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடு எழுத்துகளையும் பாருங்கள். பெரிய தொகைக்கு முன் சிறு தொகை அனுப்பிச் சோதியுங்கள். ஏர்டிராப் (இலவசமாகக் கொடுக்கும் டோக்கன்), புது டோக்கன் விளையாட்டுக்கெல்லாம் தனி சீட்டில் தனி வாலட்.

சீட்டைக் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் மை ஈரம் பட்டால் கரைந்துவிடலாம். இரண்டு பிரதி, இரண்டு இடம். பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிக்காதீர்கள், ஒன்று தொலைந்தால் முழுவதும் தொலைந்தது. பணம் போடுவதற்கு முன்பே வாலட்டை அழித்து, எழுதிய தாளை வைத்து ஒரு முறை மீட்டுப் பாருங்கள். அந்தத் தாள் எங்கே என்று வீட்டில் நம்பகமான ஒருவருக்காவது தெரியட்டும்.

கடைசியாக, இப்போதே ஃபோன் கேலரியைத் திறந்து சீட்டின் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். கேலரிப் படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து சீட் தேடும் ஸ்பார்க்கேட் என்ற நச்சுநிரலை, பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களில் கண்டுபிடித்ததாக 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி அறிவித்தது. படம் கிடைத்தால், அழித்துவிட்டேன் என்று ஆறுதல்பட வேண்டாம். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதற்குள் யார் பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அழிப்பது பிறகு. முதலில் புது சீட், புது வாலட், பணத்தை மாற்றுங்கள்.